கோயில் தமிழ்ப் பள்ளியில் தோட்டம் போடலாமா, என்ன விதைப்பது?

வணக்கம், ஆசிரியை அவர்களே. பர்மாவில் பெகு பக்கம் ஓர் ஊரில், கோயில் மண்டபத்தில் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பு நடத்துவதாகவும், எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் முப்பது பேர் வருவதாகவும், கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் அவர்களைக் கொண்டு தோட்டம் போட விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பயிர் பத்து வாரத்துக்குள் விளையும், பூச்சி விழுந்தால் எந்த மருந்தை அடிப்பது, விளைந்ததை விற்கலாமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில், "எழுதப் படிக்க அனுப்பினால் மண் வெட்டச் சொல்கிறீர்களா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள்" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. தோட்டத்தில் நின்று பிள்ளை எதைக் கற்கிறது என்பதற்கு நம்மிடம் தெளிவான விடை இருந்தால், பெற்றோருக்கும் பதில் கிடைத்துவிடும். பயிரும் பூச்சியும் விற்பனையும் அதன் வழியே தீர்ந்துவிடும். ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேளாண்மை படித்தவன். கீழ்ப் பர்மாவின் நெல், பயறு உழவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன். அண்மைக் காலத்தில் சில கோயில் பள்ளிகளின் தோட்டங்களுக்குத் துணை நின்று வருகிறேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன் என்பதால், பயிரைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வதையும், பிள்ளைகளைப் பற்றிப் பார்த்த அளவில் சொல்வதையும் ஒரே எடையில் வைத்துக்கொள்ள வேண்டாம். மேல் பர்மாவின் மாந்தளை, மாக்வே வறண்ட நிலத்துக்கு இங்கே சொல்லும் பயிர்க் கணக்கு பொருந்தாது. இது பெகு, ரங்கூன், தட்டோன், மோல்மேன் போன்ற மழைநிலத்துக்கு உரியது.

பெற்றோரின் கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. 1852க்குள் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனபின், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு அரிசி ஏற்றுமதி பெருகிய காலத்தில், இந்தச் சதுப்பு நிலங்களை வயலாக்கவும் அறுக்கவும் ஆலைகளில் மூட்டை சுமக்கவும் வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள்தாம் இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர். சேற்றில் இறங்குவது என்றால் அந்தக் குடும்பங்களுக்குக் கூலி என்றே பொருள். அதிலிருந்து பிள்ளையைக் கரையேற்றத்தான் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இயற்கையோடு பிள்ளைகள் ஒன்ற வேண்டும் என்று நகரத்தில் இருந்துகொண்டு பேசுவது எளிது. ஐந்து மணிக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு இன்னொரு மண்வெட்டியைக் கொடுப்பது கல்வி ஆகாது. ஆகவே முதல் விதியாக நான் சொல்வது இது: பிள்ளைகள் தோட்டத்தில் செய்யும் உடலுழைப்பு, ஒரு நாளில் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நிலத்தைக் கொத்திப் பண்படுத்துவதையும், உரம் சுமப்பதையும், வேலி கட்டுவதையும் பெரியவர்கள் செய்து கொடுத்துவிட வேண்டும். விதைப்பது, பார்ப்பது, அளப்பது, எழுதுவது, என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது ஆகிய ஐந்தும் பிள்ளைகளுடையவை. வீட்டுப்பாடம் செய்யாதவனைத் தண்டனையாகக் களை பிடுங்க அனுப்பும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தண்டனைக்கு உரிய இடம் என்று ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், அந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளையும் விரும்பிக் கால் வைக்காது.

முடிவெடுப்பது என்று சொன்னதை மேலும் விளக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பள்ளித் தோட்டத்தில், பொறுப்பில் இருந்த பெரியவர் நல்ல உழவர். எந்தப் பாத்தியில் எது, எத்தனை அங்குலத்துக்கு ஒரு விதை, எப்போது தண்ணீர் என்று எல்லாவற்றையும் அவரே சொல்லிப் பிள்ளைகளைச் செய்ய வைத்தார். பயிர் மிக நன்றாக வந்தது. ஆனால் பாகல் கொடியில் ஏன் சில பூ காய்க்கிறது, சில பூ உதிர்ந்துவிடுகிறது என்று நான் கேட்டபோது, ஒரு பிள்ளையாலும் சொல்ல முடியவில்லை. பூவுக்குக் கீழே சின்னக் காய்போல இருப்பது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருப்பது ஆண் பூ என்பதை இரண்டு மாதமாக அந்தக் கொடியின் அடியில் நின்றவர்கள் கவனிக்கவே இல்லை. வேறோர் ஊரில் பாதிப் பாத்திகள் சோடை போயிருந்தன. ஆழமாகப் போட்ட விதை ஏன் வரவில்லை, மேலாகப் போட்டது ஏன் வந்தது என்று பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு பாத்தியாகக் காட்டி எனக்கு விளக்கினாள். விளைச்சலை வைத்துப் பார்த்தால் முதல் தோட்டம் சிறந்தது. பள்ளித் தோட்டம் என்று பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது.

இனி இடத்துக்கும் தண்ணீருக்கும் வருவோம். விருப்பத்தோடு தொடங்கும் பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் தண்ணீரில்தான் தோற்கின்றன. மார்ச், ஏப்ரல் மாத வெயிலில் நன்கு இலை விட்ட பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். உங்கள் முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சதுர மீட்டர் என்று கொடுத்தால் நாளும் நூற்றைம்பது முதல் நூற்றெண்பது லிட்டர் வேண்டும். கிணற்றிலிருந்து பூவாளியில் சுமக்கப் போவது யார் என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு சதுர மீட்டர் போதும் என்பது என் கருத்து. வைக்கோல் மூடாக்குப் போட்டால் தண்ணீர் இன்னும் குறையும். சித்திரைப் பிறப்பும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வருவதால் அந்த நாட்களில் வகுப்பு நடக்காது. பாத்திகள் காய்ந்து போவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். கோயிலில் தங்கியிருக்கும் பூசாரியிடமோ காவல்காரரிடமோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பின்புறங்களில் பெரும்பாலும் கட்டட வேலையின்போது கொட்டிய செங்கல் துண்டும் செம்மண் சரளையும் புதைந்திருக்கும். அதை முழுவதும் தோண்டி எடுப்பதைவிட, முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, வயல் மண், மக்கிய தொழு உரம், ஆலையில் கிடைக்கும் உமிச் சாம்பல் கொஞ்சம் ஆகியவற்றைக் கலந்து நிரப்புவது நல்லது. மழைக்காலத்திலும் தொடர நினைத்தால் மேட்டுப்பாத்தி கட்டாயம் வேண்டும். உங்கள் பக்கம் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். சமதளப் பாத்தியில் அப்போது வேர் அழுகிவிடும்.

அந்த மண்ணை நிரப்புவதற்கு முன்னால் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீரை நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஆடாமல் வைத்துவிடச் சொல்லுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். வண்டல் படிய இரண்டொரு மணி நேரம் ஆகும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். வயல் மண்ணையும் கோயில் மண்ணையும் ஆற்றங்கரை மண்ணையும் தனித்தனிப் புட்டியில் வைத்து அடுக்குகளை அளவுகோலால் அளந்தால், ஏன் வயலில் தண்ணீர் நிற்கிறது, ஏன் ஆற்றங்கரையில் வேர்க்கடலை போடுகிறார்கள் என்பதற்குப் பிள்ளைகளே விடை சொல்லிவிடுவார்கள். இதற்குச் செலவே இல்லை. முப்பது பேரும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

பயிருக்கு வருகிறேன். பத்து வாரத்தில் முடிய வேண்டும், கோடையைத் தாங்க வேண்டும், பிள்ளைகள் வீட்டில் சாப்பிடுவதாக இருக்க வேண்டும் என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால், தண்டுக்கீரையும் வள்ளைக்கீரையும் முதலில் வரும். இரண்டும் இருபத்தைந்து, முப்பது நாளில் அறுவைக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு விரைவில் பலன் தெரிவது மிகவும் முக்கியம். பர்மியர் வீட்டிலும் நம் வீட்டிலும் நாளும் அடுப்பேறும் புளிச்சக்கீரை இன்னும் கொஞ்சம் நாள் எடுக்கும், ஆனால் கவனிப்பே வேண்டாம். வெண்டை நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். பூ பெரியது, காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடுவதால், பூவின் பகுதிகளைப் பிரித்துக் காட்ட இதைவிட ஏற்றது இல்லை. காரட், முட்டைக்கோஸ், பூக்கோஸ் ஆகியவற்றைப் பாடப் புத்தகத்தில் படம் இருக்கிறதே என்று கோடையில் முயல வேண்டாம். அவை குளிர்மாதப் பயிர். பெரிய பிள்ளைகளுக்கு நான் மிகவும் பரிந்துரைப்பது பாசிப்பயறு. பெகு வட்டாரத்தில் நெல் அறுத்த ஈரத்தில் நவம்பர், டிசம்பரில் உளுந்தும் பாசிப்பயறும் விதைத்து, பிப்ரவரி, மார்ச்சில் பறிப்பது உங்கள் ஊராருக்குக் கைவந்த வழக்கம்; அந்த உளுந்தில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குப் போய் அங்கே இட்லி மாவாகிறது. தண்ணீர் விட்டால் கோடையிலும் அறுபத்தைந்து, எழுபது நாளில் பாசிப்பயறு காய்த்து முடிந்துவிடும்.

பாசிப்பயற்றில் ஒரு பாடத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். விதைத்து ஐந்து வாரம் ஆனதும், பாத்தி ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்காமல் சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினால், வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்து இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்தச் சிவப்புக்குக் காரணமான பொருள் நம் இரத்தத்துச் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு நெருங்கிய உறவு என்று சொல்லும்போது, பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். அதே நாளில் வெண்டை வேரையும் ஒன்று எடுத்துப் பார்க்கலாம். அதிலும் வீக்கங்கள் இருந்தால், அவை விரலால் தேய்த்தாலும் உதிராமல் வேரோடு வேராகத் தடித்திருக்கும். அது நூற்புழு நோய். ஒன்று விருந்து, மற்றது நோய்; பார்வைக்கு இரண்டும் முடிச்சுதான். நெல்லுக்குப் பின்னால் பயறு போட்டால் மண் தேறும் என்று தாத்தா சொன்னதன் காரணத்தைப் பேரப்பிள்ளை அன்றைக்குக் கையில் பிடித்துப் பார்த்துவிடுகிறது. நெல்லுக்குப் பின் பயறு விதைக்கும் பெற்றோர் ஒருவரை அந்த வகுப்புக்கு அழைத்து, அவர் வயலில் எப்படி என்று சொல்லச் சொல்லுங்கள். மண் வெட்டச் சொல்கிறீர்களா என்று கேட்டவரையே அழைத்தால் இன்னும் நல்லது.

விதைப்பதற்கு முன், விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி நிழலில் வைத்து, நான்காம் நாள் முளைத்தவற்றை எண்ணினால் அதுவே சதவீதம். கணக்குப் புத்தகத்தில் சதவீதத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இதைவிட எளிய வழி இல்லை. அறுபதுக்குக் கீழே வந்தால் வேறு விதை தேடுங்கள்.

பூச்சி மருந்தைப் பற்றிய கேள்விக்கு என் பதில் உறுதியானது: பள்ளித் தோட்டத்தில் இரசாயன மருந்து வேண்டாம், வாங்கி வைக்கவும் வேண்டாம், காலி மருந்துப் புட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். பிள்ளையின் உடலுக்கு ஆகாது என்ற ஒரு காரணமே போதும். இன்னொன்று, மருந்தை அடித்தால் பாடமும் செத்துப்போகும். இந்தோனேசியாவில் நெல்லில் புகையான் என்ற பூச்சி பெருகி வயல் வயலாகக் காய்ந்தபோது, மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியதற்குக் காரணம், புகையானைத் தின்னும் சிலந்திகள் முதலில் செத்துப்போனதே என்று கண்டறிந்தார்கள். 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது; 1989இல் உழவர்களுக்கு வயலையே வகுப்பாக்கும் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளிகளின் முறை எழுத்தறியாத உழவர்களுக்கும் பொருந்தும்படி அமைந்தது என்பதால், பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. வாரம் ஒருமுறை நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பெரிய தாளின் நடுவில் செடியை அன்றைக்கு இருக்கும் உயரத்தில், அன்றைக்கு இருக்கும் இலைக் கணக்கோடு வரைகிறார்கள். ஒரு பக்கம் செடியைத் தின்னும் பூச்சிகள், மறுபக்கம் அந்தப் பூச்சிகளைத் தின்பவை, மேலே வெயிலா மேகமா என்பது, கீழே மண்ணின் ஈரம். பிறகு எல்லோரையும் கூட்டி, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுக்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். பல வாரங்களில் அதுவே சரியாகவும் இருக்கும்.

காராமணிப் பந்தலின் கொழுந்தில் கறுப்பாக அசுவினி அப்பிக்கொள்ளும்போது ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள். அசுவினியின் முதுகை எறும்பு தடவித் தேன்போன்ற துளியை வாங்கிக் குடிப்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். பக்கத்திலேயே கறுப்பு உடலில் ஆரஞ்சுப் புள்ளியோடு, ஆறு காலில் ஊரும் ஒரு முரட்டுப் புழு இருக்கும். பெரிய உழவர்கள்கூட அதைக் கெட்ட புழு என்று நசுக்கிவிடுவார்கள். அது பொறிவண்டின் குஞ்சு. அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் அசுவினி உள்ள கொழுந்தோடு விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, அசுவினியை எண்ணி எழுதி வைத்து, மறுநாள் காலையில் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லதா என்று யாராவது கேட்டால், கேட்டவரிடமே ஒரு பாத்தியைக் கொடுத்து அடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துப் பாத்தியை அடிக்காமல் விட்டு ஒப்பிடுங்கள். எதைச் செய்தாலும் செய்யாத பாத்தி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பழக்கம் வந்துவிட்டால், அறிவியலின் பாதியை அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது போலத்தான். பாசிப்பயற்றில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்தால் மட்டும் காத்திராமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது, தேறாது.

இவ்வளவும் சொன்னபின், இதனால் என்ன நன்மை உறுதி, எது உறுதியில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கற்ற பிள்ளைகளுக்குச் செடி, பூச்சி, உணவு பற்றிய அறிவு கூடுகிறது, காய்கறிமேல் விருப்பமும் கூடுகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் கண்டது. ஆனால் அவர்கள் உண்மையில் கூடுதலாகக் காய்கறி சாப்பிடுகிறார்களா என்று அளந்தபோது முடிவுகள் கலவையாகவே வந்தன. நேபாளத்தில் பள்ளித் தோட்டம் மட்டும் இருந்த இடங்களில் உண்பது தெளிவாகக் கூடவில்லை. அதே நாட்டில் பிள்ளையின் வீட்டுத் தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டபோது கூடியது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் பத்து விதையோ ஒரு முருங்கைப் போத்தோ எடுத்துப் போகும்படி செய்யுங்கள். பள்ளி மதிப்பெண் ஏறுமா என்பதில் ஏறும் என்று வாக்களிக்கும் அளவுக்குச் சான்று இல்லை. பெற்றோரிடம் அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். தமிழ் எழுத்து வளருமா என்பதற்கு என் அனுபவம் மட்டுமே இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதுவதற்குச் சொந்தமாக ஒரு செய்தி இருப்பதில்லை. தோட்டக் குறிப்பேடு அந்தச் செய்தியைத் தருகிறது. இன்றைய தேதி, வானம், செடியின் உயரம், இலைக் கணக்கு, கண்ட உயிர், எழுந்த ஒரு கேள்வி என்று ஆறு வரி எழுதினால் போதும். அந்த ஏட்டில் மட்டும் எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள்; பிழைகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு மறுநாள் பலகையில் பொதுவாகச் சொல்லிக்கொடுங்கள். பாத்திப் பலகையில் செடியின் பெயரைத் தமிழிலும் பர்மிய எழுத்திலும் எழுதி நடுங்கள். கோயிலுக்கு வரும் பர்மிய அண்டை வீட்டாரும் நின்று படிப்பார்கள், விதை கேட்பார்கள்.

ஆபத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கண்ணாடி விரியன் உங்கள் வட்டாரத்தின் வயற்பாம்பு; நம் நாட்டில் பாம்புக் கடியால் நேரும் சாவில் அதற்கே பெரும்பங்கு, கடித்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலி இருக்கும் இடத்துக்கு அது வரும். ஆகவே எருக்குழியையும் வைக்கோல் போரையும் பாத்தியிலிருந்து தள்ளி வையுங்கள். வேலியோரப் புல்லை ஒட்ட வெட்டுங்கள். மூடாக்கைக் கையால் புரட்டாமல் நீண்ட குச்சியால் புரட்டப் பழக்குங்கள். பாத்திக்குள் போகும்போது ரப்பர் பூட்சு போடச் செய்யுங்கள். இருட்டிய பிறகு ஒருவரும் போகக் கூடாது. கடித்துவிட்டால் கயிற்றால் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எல்லாம் தீங்கு. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. எந்த மருத்துவமனையில் அது இருக்கிறது என்பதை முதல் விதை விழுவதற்கு முன்பே நேரில் கேட்டு எழுதி வையுங்கள். கொக்கிப்புழு வெறுங்கால் வழியே ஏறும் என்பதால் செருப்பும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம். பச்சைச் சாணத்தைப் பிள்ளைகள் தொட வேண்டாம், மக்கிய எரு மட்டுமே. எல்லாப் பிள்ளைக்கும் தனுர்வாயு ஊசி போட்டிருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்குள் தோட்ட வேலை முடிந்துவிட வேண்டும். முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தலையில் துணி கட்டி வரட்டும். காட்டைக் காட்டப் பெகு யோமா மலைப் பக்கம் அழைத்துப் போகலாமா என்று ஒருவேளை நினைப்பீர்கள். 1856இல் பிராண்டிஸ் என்ற வன அதிகாரி வந்து, தேக்கங்கன்றுகளுக்கு நடுவே மலைவாழ் மக்கள் பயிர் செய்யும் முறையைத் தொடங்கி வைத்த காடு அது. பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் இன்றைய நிலையில் கண்ணிவெடி அச்சம் உள்ள எந்தக் காட்டோரத்துக்கும், ஊரார் நாளும் நடமாடாத எந்த நிலத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

கோயில் வளாகத்திலேயே கற்பதற்கு நிறைய இருக்கிறது. வில்வம், வேம்பு, அரசு ஆகியவற்றில் எது எந்த வாரத்தில் இலை உதிர்த்தது, எந்த வாரத்தில் துளிர்த்தது என்று ஒரு சுவர்த் தாளில் எழுதி வரலாம். திஞ்சானை ஒட்டி முதல் மழை விழுந்ததும் பாதவுக் மரம் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து மறுநாள் கொட்டிவிடுவது உங்கள் ஊரிலும் நடப்பதுதான். மழை விழுந்த தேதியையும் பூத்த தேதியையும் ஆண்டுதோறும் எழுதி வைத்தால், ஐந்தாறு ஆண்டில் பிள்ளைகள் கையில் ஓர் ஆவணம் இருக்கும். நேரான பக்கங்களுள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, விழுந்த மழையை அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். மண்டபக் கூரையின் நீள அகலத்தை அளந்துவிட்டால், ஓர் இரவு மழையில் எத்தனை வாளி வீணாக வழிந்தோடியது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

ஜூன் மாதம் அரசுப் பள்ளி திறந்தபின் உங்கள் வகுப்பு வாரத்தில் ஒரு நாளாகச் சுருங்கிவிடும் என்பதால், மழைக்காலத்துக்கு வாளி நெல் ஏற்றது. ஜப்பானியப் பள்ளிகளில் இது வழக்கமாகவே இருக்கிறது: வாளியில் முக்கால் பங்கு வயல் மண், மேலே மூன்று விரல் தண்ணீர், அதில் ஒரே ஒரு நாற்று. ஒரு விதை எத்தனை தூர் கட்டுகிறது, ஒவ்வொரு கதிரிலும் எத்தனை மணி என்று எண்ணினால், ஒரு நெல்லிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் வருவதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவார்கள். கதிர் வெளிவந்ததும் நண்பகலுக்குச் சற்று முன்பாக வாளியைச் சுற்றி உட்கார வையுங்கள். உமி இரண்டாகப் பிளந்து, வெளிர் மஞ்சள் மகரந்தப் பைகள் வெளியே தொங்கி, ஒரு மணி நேரம் போல இருந்து மூடிக்கொள்ளும். நெல் பூப்பதைப் பார்க்காமலே வாழ்நாள் முழுக்கச் சோறு உண்பவர்கள்தாம் நம்மில் பலர். பாவ்சான் போன்ற நாட்டு நெல் கிடைத்தால், ஒரு வாளியில் ஜூன் கடைசியிலும் இன்னொன்றில் ஜூலை கடைசியிலும் விதையுங்கள். ஒரு மாத இடைவெளி இருந்தும் கதிர் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவரும். பகல் சுருங்குவதை அந்த நெல் உணர்ந்து பூக்கிறது. தண்ணீர் நிற்கும் வாளியில் கொசுப்புழு வைக்கும் என்பதால் இரண்டு சிறு மீன்களை விட மறக்காதீர்கள்.

கடைசியாக, விற்பனை. விற்கலாம், ஆனால் முதல் அறுவடையை விற்க வேண்டாம். பிள்ளைகள் தாமே பறித்து, கோயில் சமையற்கட்டில் தாய்மார் துணையோடு சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். வீட்டில் கீரையைத் தொடாத பிள்ளையும் அன்றைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் மிஞ்சுவதைக் கோயிலுக்கு வருவோரிடம் விற்றால், வீசைக் கணக்கில் நிறுத்து, 1 வீசை 1.63 கிலோ என்று மாற்றி எழுதி, வரவு செலவை இரண்டு பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். நிர்வாகத்தாரின் கணக்கோடு அதைக் கலக்க வேண்டாம். வந்த பணத்தில் எதை வாங்குவது என்று முடிவு செய்வதும் பிள்ளைகளின் உரிமையே. விளைச்சல் இவ்வளவு வர வேண்டும் என்று யாரும் இலக்கு வைக்க விடாதீர்கள். இலக்கு வந்த நாளிலிருந்து பெற்றோர் சொன்ன குற்றச்சாட்டு உண்மையாகத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பாத்தியிலும் நன்றாக வளர்ந்த ஒரு செடியைப் பறிக்காமல் விட்டு, முற்றிக் காய்ந்தபின் விதை எடுத்து, உமிச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத புட்டியில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். இடத்தின் அளவையும், கிணற்றில் ஏப்ரல் மாதத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதையும், நிழல் விழும் பக்கத்தையும் எழுதினால், எத்தனை பாத்தி தாங்கும், எதை எங்கே போடலாம் என்று இதைவிடத் திட்டமாகச் சொல்கிறேன்.